27 வயது மகன், ஆட்டிசம்: நாங்கள் இருக்கும்போதே இல்லத்தில் சேர்ப்பதா?

வேளச்சேரி அப்பா

வணக்கம். இந்த மன்றத்தில் நான் படிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். மகனுக்கு 27 வயது. ஆட்டிசம், கூடவே வலிப்பு. பத்துப் பதினைந்து சொற்கள்தான் பேசுவான். பல் தேய்ப்பான், தன் தட்டைத் தானே கழுவுவான், துணி மடிப்பதில் எங்களைவிட நேர்த்தி. தனியாக வெளியே விட முடியாது.

எனக்கு 63 வயது. மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. போன மாதம் குளியலறையில் அவனுக்கு வலிப்பு வந்தபோது எங்கள் இருவராலும் அவனைத் தூக்க முடியவில்லை. எதிர் வீட்டுப் பையன் வந்து தூக்கினான்.

மனைவி சொல்வது: "என் மூச்சு இருக்கிறவரை அவன் என்னோடுதான்." என் கவலை அதற்கு அடுத்த நாளைப் பற்றியது. அம்மாவையும், வீட்டையும், படுக்கையையும், தெருவையும் அவன் ஒரே நாளில் இழப்பான். அன்றைக்கு அவனுக்கு யார் என்ன சொல்லிப் புரிய வைப்பார்கள்?

சில இல்லங்களைப் போய்ப் பார்த்தோம். ஒன்றில் முன்பணம் 12 லட்சம், மாதம் 40,000. தோட்டம் அழகு. மாடிக்கு எங்களை விடவில்லை. இன்னொன்றில் இரண்டு கூடங்களில் அறுபது பேர். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். சட்டப்படி என்ன செய்துவைக்க வேண்டும் என்பதும் தெரிந்தால் நல்லது.

சிறப்பாசிரியர் (ஓய்வு)

சார், தோட்டத்தை விடுங்கள். நான் தங்கும் இல்லங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள்.

முதலில் தலைமுடியைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டியிருந்தால், அந்த இடம் பராமரிப்பவர்களின் வசதிக்காக நடக்கிறது என்று பொருள். அடுத்தது துணி. அவரவர் சட்டை அவரவர் அலமாரியில் இருக்கிறதா, அல்லது துவைத்த குவியலில் கைக்கு வந்ததை மாட்டிவிடுகிறார்களா? பல இடங்களில் இரண்டாவதுதான்.

காலை பதினொரு மணிக்குப் போகாதீர்கள். அது பார்வையாளர்களுக்காகத் துடைத்து வைத்த நேரம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்குப் போங்கள். பகல் ஆட்கள் கிளம்பி, இரவு ஆட்கள் வந்துகொண்டிருக்கும் நேரம் அது. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். "இருக்கிறார்கள்" என்பது பதில் ஆகாது. விழித்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. உங்கள் மகனுக்கு வலிப்பு இருப்பதால் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

மருந்துப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மற்றவர் பெயரை மறைத்துக்கொண்டு காட்டட்டும். ஒவ்வொரு வேளைக்கும் கையெழுத்து இருக்க வேண்டும். மாதம் முழுவதற்கும் ஒரே பேனாவில், ஒரே நாளில் போட்ட கையெழுத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. வலிப்பு வந்தால் எத்தனை நிமிடம் நீடித்தது என்று எழுதுகிறார்களா என்றும் பாருங்கள்.

பிறகு, பதிவுச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட நிறுவனத்தைப் பதிவு இல்லாமல் நடத்த முடியாது. கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் அதற்குமேல் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம்.

மாடிக்கு விடவில்லை என்கிறீர்கள். அந்த 12 லட்சத்தை வங்கியில் போட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள்.

தென்காசி

சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. 12 லட்சம், 40,000 என்று படிக்கும்போதே எனக்குத் தலை சுற்றுகிறது. கணவர் இல்லை. தையல் வேலை. மகனுக்கு 22 வயது. அரசு கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். முன்பு 1,500 ஆக இருந்தது, 2023-இல் ஏற்றினார்கள். அதை வைத்துக்கொண்டு நான் எந்த இல்லத்தின் மாடியைப் பார்ப்பது?

நான் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு ஆச்சிதான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு எழுபதுக்கு மேல். என் "பிறகு" என்பது ஆச்சி விழுந்துவிடும் நாள்தான்.

சேமநல அலுவலர் (ஓய்வு)

தென்காசி அம்மாவுக்கு முதலில். மாற்றுத்திறனாளிகளுக்காக ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் உங்களுக்கு மிக அருகில். 1981 முதல் இயங்குகிறது. பகல் நேரப் பயிற்சியோ வேறு வழியோ உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் "விழுதுகள்" என்ற மறுவாழ்வுச் சேவை மையம் உங்கள் பகுதிக்கு எது என்றும் விசாரியுங்கள். மத்திய அரசின் கீழ் இயங்கும் நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிட்டீர்களா? ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும். சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. வெளிநோயாளிச் செலவுக்கும் தெரபிக்கும்கூடப் பயன்படும். அதே டிரஸ்டுக்கு வயது வந்தோர் தங்குவதற்கென்று கரௌந்தா என்ற திட்டமும் உண்டு. ஆனால் எல்லா மாவட்டத்திலும் அப்படி ஓர் இல்லம் இருப்பதாக நினைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

இப்போது வேளச்சேரி நண்பருக்கு. பலருக்குத் தெரியாத விஷயம்: 18 வயதோடு பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் என்ற தகுதி சட்டப்படி முடிந்துவிடுகிறது. வங்கியிலோ சொத்து விற்பனையிலோ மகன் சார்பில் நீங்கள் கையெழுத்துப் போட, 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். விண்ணப்பம் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். கலெக்டர், பதிவுபெற்ற ஓர் அமைப்பின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி என்று மூவர் அதில் இருப்பார்கள். நீதிமன்றம் ஏறத் தேவையில்லை.

காப்பாளர் ஆகிறவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். கொடுமையோ கையாடலோ நடந்தால் காப்பாளரை நீக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. பெரும்பாலோர் சான்றை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டுக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் மத்திய அரசு ஊழியராக இருந்தவர் என்றால், சம்பாதிக்க இயலாத மகனுக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் அவன் பெயரை ஏற்றிவிடுங்கள். பிறகு ஏற்றுவதற்கு உங்கள் மகளோ தம்பியோ அலுவலகம் அலுவலகமாக அலைவார்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கான 80டிடி கழிவு 75,000 ரூபாய். சான்றிதழில் குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000. உயிலில் நேரடியாக மகன் பெயருக்கு எழுதாமல், ஒரு தனியார் டிரஸ்ட் அமைத்து அதற்கு எழுதுவது நல்லது. வீட்டையும் பணத்தையும் பார்த்துக்கொள்பவர் ஒருவர், அவனைப் பார்த்துக்கொள்பவர் வேறொருவர் என்று பிரித்து வைத்தால் ஒருவர் மேல் ஒருவருக்குக் கண் இருக்கும்.

அண்ணனின் தங்கை

"உங்கள் மகளோ தம்பியோ." ஐயா, தவறாக எண்ண வேண்டாம். இந்த வரியைத்தான் எல்லாரும் போகிற போக்கில் எழுதுகிறார்கள்.

என் அண்ணனுக்கு ஆட்டிசம். எனக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டார் கேட்ட முதல் கேள்வி, "பிற்காலத்தில் அவர் யாரோடு இருப்பார்?" அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, "இவள்தான்" என்று சொல்லிவிட்டார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணனிடமும் கேட்கவில்லை. நான் அவனைப் பார்த்துக்கொள்வேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் எப்படி, எங்கே, எந்தப் பணத்தில் என்பதைப் பேசக்கூட அப்பாவுக்குக் கூச்சம்.

வேளச்சேரி அப்பா, உங்களுக்கு வேறு பிள்ளை இருந்தால் அவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். காப்பாளராக இருக்கச் சம்மதமா, ஒரே வீட்டில் இருக்கச் சம்மதமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். நான் முதலாவதற்கு ஆம் என்பேன். இரண்டாவதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

மடிப்பாக்கம் அம்மா

என்ன சொன்னாலும் இல்லத்தில் சேர்ப்பது என்றால் கைகழுவுவதுதான். ஏர்வாடி மனநலக் காப்பகத்தை மறந்துவிட்டீர்களா? 2001-இல் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து செத்தார்கள். அவர்களையும் யாரோ "பார்த்துக்கொள்வார்கள்" என்று நம்பித்தானே விட்டார்கள்? இப்போது எல்லா இடத்திலும் கேமரா வைக்கிறார்கள், போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். இருந்தும் என் மனம் ஒப்பவில்லை.

ஸ்கார்பரோ

கேமராவைப் பற்றி ஒன்று சொல்லலாம் என்று வந்தேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளவர்களை வைத்திருந்தார்கள். ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு கட்டணம். 2011-இல் பிபிசி நிருபர் ஒருவர் ஊழியராகச் சேர்ந்து ரகசியமாகப் படம் எடுத்த பிறகுதான் அடி உதை வெளியே வந்தது. பதினொரு பேர் தண்டிக்கப்பட்டார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு நர்ஸ் அதற்கு முன்பே மேற்பார்வை அமைப்புக்குத் தகவல் கொடுத்திருந்தார். யாரும் அசையவில்லை. ஆகவே கட்டணம் உத்தரவாதம் ஆகாது. கேமரா வைத்தாலும், கண்டதும் அசைய ஆள் இல்லாவிட்டால் அதுவும் ஆகாது. முன்னறிவிப்பு இல்லாமல் நுழைகிற மாமாவும் சித்தியும் அவற்றைவிடப் பெரிய காவல்.

இங்கே கனடாவில் எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஒன்டாரியோவில் பெரிய விடுதிகளை 2009-இல் மூடிவிட்டார்கள். அவற்றில் ஒன்றான ஹுரோனியாவில் நடந்த கொடுமைகளுக்காக முன்னாள் வாசிகள் வழக்குப் போட்டு, 2013-இல் 35 மில்லியன் டாலருக்கு அரசு இணங்கியது. இப்போது சிறிய வீடுகள், மூன்று நான்கு பேர், ஊழியர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் காத்திருப்போர் பட்டியல் பல ஆண்டுகள் நீளம். தாய்க்குப் புற்றுநோய் என்றால்தான் பெயர் மேலே நகர்கிறது. என் மகள் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறாள்.

இன்னொரு சிக்கல், யாரும் யோசிக்காதது. அவளுக்குப் புரிவது தமிழ். "கை கழுவிட்டு வா" என்றால் எழுந்து போவாள். அதையே ஆங்கிலத்தில் சொன்னால் சுவரைப் பார்ப்பாள். வார இறுதியில் வரும் உதவியாளருக்கு இருபது தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் ஜமைக்காக்காரர். "சோறா, ரொட்டியா" என்று அழகாகக் கேட்கிறார்.

சிறப்பாசிரியர் (ஓய்வு)

மடிப்பாக்கம் அம்மா, ஏர்வாடியை நீங்கள் நினைவுபடுத்தியது சரிதான். ஆனால் வீட்டு அறையில் பூட்டி வைக்கப்பட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பூட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். எழுபத்தைந்து வயதில் வேறு வழி தெரியாதவர்கள்.

சென்னையில் பான்யன் அமைப்பு 2015-இல் "ஹோம் அகெய்ன்" என்று தொடங்கினார்கள். அது நீண்டகால மனநோய் உள்ளவர்களுக்கானது, ஆட்டிசத்துக்கானது அல்ல. ஆனால் யோசனையைப் பாருங்கள். சாதாரணத் தெருவில் வாடகை வீடு, நாலைந்து பேர், அவர்களோடு தங்கும் உதவியாளர். தாங்களே கடைக்குப் போய்க் காய் வாங்குகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதைக் காட்டியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இதுபோல் ஒவ்வொரு பேட்டையிலும் நாலு வீடு இருந்தால் இந்த இழையே தேவைப்படாது.

அறுபது பேர் உள்ள கூடம் ஆட்டிசத்துக்கு ஏன் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கத்தினால் அது அடுத்தவருக்குக் காதில் ஆணி. அவர் தலையை முட்டிக்கொள்வார். அதைப் பார்த்து மூன்றாமவர் கடிப்பார். ஊழியர் என்ன செய்வார்? டாக்டரிடம் சொல்லி மாத்திரையை ஏற்றுவார். ஆறு மாதத்தில் உங்கள் பிள்ளை "அமைதியாகிவிட்டான்" என்பார்கள். எடை கூடியிருக்கும், வாயில் எச்சில் வழியும்.

திடீரென்று ஒருவர் அடித்துக்கொள்ள ஆரம்பித்தால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள். எங்கள் இல்லத்தில் ஒரு பையன் இடது கன்னத்தையே அறைந்துகொண்டிருந்தான். எல்லாரும் நடத்தைப் பிரச்சினை என்றார்கள். பின்கடைவாய்ப் பல்லில் சீழ். பல்லைப் பிடுங்கிய மறுநாள் அறைவது நின்றது.

தனியறை

எனக்கு 31 வயது. எனக்கே ஆட்டிசம். வீட்டிலிருந்து தரவு உள்ளீட்டு வேலை செய்கிறேன். அம்மாவுடன் இருக்கிறேன்.

இந்த இழையில் பெற்றோர், தங்கை, ஆசிரியர், அலுவலர் எல்லாரும் பேசிவிட்டார்கள். காப்பாளர் சான்று கட்டாயம் என்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. அதை ஏற்க முடியவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இந்தியா 2007-இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு எங்களுக்கும் சட்டத்தின் முன் சமமான தகுதி உண்டு என்கிறது. 19-ஆம் பிரிவு யாரோடு, எங்கே வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சொல்கிறது. 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவில் இருப்பதும் வரையறுக்கப்பட்ட காப்பாண்மைதான்: அந்த நபரோடு கலந்து பேசி, குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும்.

எனக்கு வேண்டியது ஓர் அறை, உள்ளே தாழ்ப்பாள், சத்தம் போடாத மின்விசிறி. வாரத்தில் சில மணி நேரம் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் உடன் வர ஓர் ஆள். சமையலுக்கு ஏற்பாடு. அம்மா இறந்தால் எனக்கு இல்லம் வேண்டாம், இதுதான் வேண்டும். இதை விற்பவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை. ஒன்று எல்லாமும் செய்யும் இல்லம், அல்லது ஒன்றுமே இல்லை.

மடிப்பாக்கம் அம்மா

தம்பி, நீங்கள் இவ்வளவு கோவையாக எழுதுகிறீர்கள். என் மகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூடத் தெரியாது. உங்களையும் அவளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் எப்படி?

தனியறை

வைக்கவில்லை. உங்கள் மகளுக்கு என்னைவிடப் பல மடங்கு உதவி தேவைப்படும். ஆனால் தண்ணீர் வேண்டும் என்பதை அவர் எப்படியோ உங்களுக்குத் தெரிவிக்கிறார் அல்லவா? டம்ளரைத் தள்ளுவாரா, உங்கள் கையைப் பிடித்து இழுப்பாரா? அதை நீங்கள் படிக்கிறீர்கள். நாளை வேறு யாரும் படிக்கத் தெரியாமல் போனால் அவர் தாகத்தோடு இருப்பார். ஒரு புதிய அறைக்குள் போய் அவர் உடனே வெளியே வந்துவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மடிப்பாக்கம் அம்மா

கையைப் பிடித்து இழுப்பாள். ஃபிரிட்ஜ் வரை.

சரி, தம்பி. எழுதி வைக்கிறேன்.

சேமநல அலுவலர் (ஓய்வு)

தனியறை நண்பர் சொல்வதில் நியாயம் உள்ளது. 1999, 2016 ஆகிய இரண்டு சட்டங்களுக்கும் இடையே இந்த இழுபறி உண்மையிலேயே இருக்கிறது. தானே கையெழுத்துப் போட்டு, கணக்குப் பார்க்கக் கூடியவருக்கு முழுக் காப்பாளர் கேட்டு விண்ணப்பிப்பது தேவையற்றது; பிறகு அவர் கையையே அது கட்டிவிடும். ஆனால் வேளச்சேரி நண்பரின் மகனைப் போன்றவர் விஷயத்தில் சான்று இல்லாமல் வங்கி மேலாளர் ஒரு ரூபாய் தரமாட்டார். விண்ணப்பத்தில் எதற்கெல்லாம் காப்பாளர் தேவை என்று குறிப்பிட இடம் உண்டு. மொத்தமாக டிக் அடிக்காமல் யோசித்து நிரப்புங்கள்.

நெறியாளர்

இல்லங்களின் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டிய இரண்டு பதிவுகளையும், "உடனே அழையுங்கள்" என்று எண் கொடுத்த ஒரு விளம்பரத்தையும் நீக்கியிருக்கிறேன்.

கோவை பெற்றோர் குழு

நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கி நாங்களே கட்டலாம் என்று தொடங்கினோம். நிலம் வந்தது, கட்டடமும் பாதி வந்தது. தடுமாறியது வேறு இடத்தில். நிர்வாகக் குழுவில் எல்லாருக்கும் அறுபதுக்கு மேல். பதினைந்து ஆண்டுகள் கழித்து இதை யார் நடத்துவார் என்று ஒருவர் கேட்டதும் கூட்டம் கலைந்ததுபோல் ஆகிவிட்டது. இப்போது டிரஸ்ட் விதியில், அறங்காவலர்களில் பாதிப் பேர் நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், அதில் இருவராவது பெற்றோர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். ஊழியர்களுக்கு வருங்கால வைப்பு நிதி கட்டுகிறோம். செலவுதான். ஆனால் ஒரு பராமரிப்பாளர் எட்டு மாதத்தில் போய்விட்டால் பிள்ளைகள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செங்கல்லுக்குச் செலவழித்ததில் கொஞ்சத்தை அப்போதே சம்பளத்துக்கு ஒதுக்கியிருக்கலாம் என்று இங்கே எல்லாரும் சொல்கிறோம்.

வேளச்சேரி அப்பா

எல்லாருக்கும் நன்றி. மனைவியும் படித்தார். தங்கை எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் மகளிடம் அவரே போன் செய்து பேசினார். மகள் புனேயில் இருக்கிறாள். காப்பாளராக இருக்கச் சம்மதம், கணக்கு எழுதவும் சம்மதம், ஆனால் தம்பி பழகிய ஊரிலேயே இருக்கட்டும் என்கிறாள்.

ஞாயிறு மாலை போய்ப் பார்த்ததில் ஓர் இடம் பிடித்தது. எட்டுப் பேர்தான். இரவில் ஒருவர் விழித்திருக்கிறார், இன்னொருவர் அங்கேயே படுத்திருக்கிறார். சமையலறையில் ஒரு பையன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் அவனை எழுப்பி உள்ளே அனுப்பவில்லை; அது எனக்குப் பிடித்திருந்தது. சுவர் மட்டும் வெள்ளையடிக்க வேண்டும்.

சனி ஞாயிறு மட்டும் விட்டுப் பார்க்கலாம் என்று முடிவு. முதல் முறை மனைவியும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு இரவு திரும்புவார். அவன் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டைக் கொடுத்தனுப்புகிறோம், வேறு தட்டில் சாப்பிட மாட்டான். ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். "மழை" என்று சொன்னால் அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று பொருள், வானத்தைப் பார்க்காதீர்கள். "பஸ்" என்றால் வயிற்று வலி. ஏன் பஸ் என்று எங்களுக்கே தெரியாது.

ஆசிரியர் அம்மாவுக்கு ஒரு கேள்வி. வலிப்பு மாத்திரையைப் பிரித்து, வேளைவாரியாக டப்பாவில் போட்டுக் கொடுக்கலாமா?

சிறப்பாசிரியர் (ஓய்வு)

வேண்டாம் சார். அட்டையோடு கொடுங்கள், டாக்டர் சீட்டின் நகலும் கூடவே. டப்பாவில் இருந்தால் எது எந்த மாத்திரை என்று மருத்துவமனையில் கேட்கும்போது சொல்லத் தெரியாது. இரண்டு நாளைக்கு என்றாலும் நாலு நாள் மாத்திரை இருக்கட்டும். அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரவு விழித்திருக்கப் போகிறவர் யார் என்று கேட்டு, அவர் வரும்வரை காத்திருந்து, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்பதை அவரிடமே சொல்லுங்கள். 108 என்று நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதுங்கள்.

நோட்டில் ஒரு பக்கத்தை அவர்கள் எழுதுவதற்காகக் காலியாக விடுங்கள்.